பம்பு இல்லாத காரும் பல் டாக்டரின் மைலேஜும்

மாப்பிள்ளை வண்டியில் கை வைப்பவன் மடையன். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைப்பவனை என்ன சொல்வதென்று தெரியவில்லை. பட்டறையில் இரும்பு கடைகிற மாமனார் லேத்காரர் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரர். மூன்று மாதம் கடல், இரண்டு மாதம் கரை. கரையில் இருக்கிற நாளெல்லாம் அந்தப் பழைய சிவப்புக் காரையே சுற்றிச் சுற்றி வருவார். "என் முகத்தக்கூட இவ்வளவு நேரம் பாத்ததில்ல" என்று லேத்காரரின் மகளே சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை கப்பலேறும்போது சாவியை இரண்டு பேரிடம் கொடுத்தார். ஓட்டுவதற்கு ஒன்று, தன் அப்பா பல் டாக்டரிடம். பார்த்துக்கொள்ள ஒன்று, மாமனார் லேத்காரரிடம். "மாமா, இந்த என்ஜின் போச்சுன்னா வேற கிடைக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மைதான். அது ரோட்டரி என்ஜின். பிஸ்டன் கிடையாது. பெட்டிக்குள் முக்கோணமாக ஒரு இரும்பு சுற்றும். அதன் மூன்று முனையிலும் மெல்லிசாக சீல். அந்த சீல் சுவரோடு உரசி ஓடச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் வேண்டும். அதைக் கொடுக்கவென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு பம்பு. எண்ணெய் நின்றால் சீல் தேயும். சீல் தேய்ந்தால் என்ஜினுக்கு மாலை போட வேண்டியதுதான்.

லேத்காரர் மனுஷரையே நம்பாதவர், பம்பையா நம்புவார்? பம்பிலிருந்து போகிற பிளாஸ்டிக் குழாயை இரண்டு விரலால் அமுக்கினார். பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. பம்பு எண்ணெய் கொடுக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை. தர்றேன் தர்றேன் என்று சொல்லியே காலம் தள்ளுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே பம்பைக் கழற்றினார். அது இருந்த இடத்துக்கு அளவாக அலுமினியத் தகடு வெட்டி, அரம் போட்டு, இரண்டு போல்ட்டில் இறுக்கி மூடினார். எண்ணெய் போகிற வாய்களையும் அடைத்தார். இனிமேல் பழைய ஸ்கூட்டருக்குப் போல எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். பத்து லிட்டருக்கு எண்பது மில்லி. பம்பு பொய் சொல்லும். கை சொல்லாது.

எல்லாம் சரி, பெட்ரோல் போடுவது யார்? பல் டாக்டர்.

அவரிடம் சொல்லலாமென்றால், ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவருக்குத் தன் வாயை மூடத் தெரியாது. காலையில் சொன்னால் மத்தியானம் கப்பலுக்குப் போய்ச் சேரும். சொன்னாலும் மறக்காமல் ஊற்றுவாரா? தலையில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற மனுஷர்.

ஆகவே லேத்காரர் வேறு வழி செய்தார். கிளினிக்குக்குப் பின்சந்தில் கார் நிற்கும். டாக்டர் யார் கடைவாயிலாவது மும்முரமாக இருக்கிற நேரம் பார்த்து, எண்ணெய் கலந்த பெட்ரோலைக் கேனில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார். டேங்க் குறையாது. டாக்டர் பங்க் பக்கம் போக மாட்டார். என்ஜினும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"சம்பந்தி, ஒரு அதிசயம் கேளுங்க. நான் பங்குக்குப் போயி மூணு மாசம் ஆச்சு. பெட்ரோல் முள்ளு அசையவே இல்ல!"

"அப்படியா?" லேத்காரர் தலை நிமிரவில்லை.

"இந்த வண்டி யானை மாதிரி குடிக்கும்னு பயம் காட்டினாங்களே! எல்லாம் ஓட்டுற பக்குவம். வர்ற பேஷண்ட் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தர்கூட இல்லைங்கல."

வாயில் கொறடு இருந்தால் எப்படி இல்லையென்பார்கள்?

"நாளைக்குக் கப்பல் வருது. இருநூறு கிலோமீட்டர்தானே? நானே துறைமுகம் போயி பையன அழைச்சுட்டு வந்துடறேன்."

லேத்காரர் லேத்தை நிறுத்தினார். "நானும் வர்றேன்."

"நீங்களா? கிளினிக் திறப்பு விழாவுக்கே வராத ஆளு!"

"மாப்பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு."

மறுநாள் காலை எண்ணெய் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். நூற்றிருபது கிலோமீட்டர் தாண்டியதும் டாக்டர் அலறினார்.

"சம்பந்தி, முள்ளு விழுது!"

"முள்ளுன்னா விழத்தான் செய்யும்."

டாக்டர் வண்டியை ஓரம் கட்டி, வெள்ளைச் சட்டையோடு அடியில் புகுந்து மோப்பம் பிடித்தார். "ஓட்டை இல்லியே! எவனோ டியூப் போட்டு உறிஞ்சியிருக்கான்" என்று திட்டிக்கொண்டே அடுத்த பங்கில் நிறுத்தினார். "முப்பது லிட்டர் போடும்மா."

பங்க்காரப் பெண் குழாயைத் தூக்கியதும் லேத்காரர் பாய்ந்து இறங்கினார். "நில்லும்மா!" பாட்டிலைத் திறந்து இருநூற்று நாற்பது மில்லியை அளந்து டேங்கில் ஊற்றினார்.

"என்ன பெரியவரே, காருக்கு டானிக்கா?" என்றாள் அவள்.

டாக்டர் வாய் பிளந்து நின்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது? தகடு, கேன், சந்து எல்லாவற்றையும் லேத்காரர் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஆடாத பல்லப் புடுங்கிட்டீங்களே சம்பந்தி!"

"வேரு நொறுங்கிப் போச்சு. உங்களுக்குத் தெரியல."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"விரலால அமுக்குனேன்."

"போலி டாக்டரய்யா நீங்க!" என்று கத்தினவர் சட்டென்று அடங்கினார். "அப்ப... அந்த மைலேஜு?"

"நான்தான் மைலேஜு."

டாக்டர் அங்கேயே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "நானூறு பேர்கிட்ட சொல்லியிருக்கேன்..." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்வோம். பம்பப் பத்தி நான் மூச்சு விடல. மைலேஜப் பத்தி நீங்க விடாதீங்க."

லேத்காரர் தலையாட்டினார். நம்பவில்லை. மகனைக் கண்ட மாத்திரத்தில் இவர் உளறிவிடுவார். இன்னொருத்தர் வாயால் தெரிவதைவிடச் செய்தவன் வாயால் தெரிவது மேல். மீதி எண்பது கிலோமீட்டரும் இதே யோசனை.

துறைமுக வாசலில் மாப்பிள்ளை மூட்டை முடிச்சோடு நின்றார். அவர் பையைக் கீழே வைப்பதற்குள் லேத்காரர் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, உங்கள கேக்காம பம்பக் கழட்டிட்டேன்."

மாப்பிள்ளை முகம் கறுத்தது. பானட்டைத் தூக்கினார். தகட்டின் ஓரத்தை நகத்தால் தடவினார். என்ஜினை ஓடவிட்டு, உலை கொதிக்கிற சத்தம் கேட்பதுபோலத் தலை சாய்த்துக் கேட்டார்.

"கொழா நொறுங்கிடுச்சா மாமா?"

"பிஸ்கட்டு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கலாம். தப்புதான். பம்பு பத்திரமா இருக்கு. புதுக் கொழா போட்டுத் திரும்ப மாட்டணும்னா மாட்டிடறேன்."

மாப்பிள்ளை மறுபடி என்ஜினுக்குக் காது கொடுத்தார். "வேணாம். சத்தம் நல்லா இருக்கு. எவ்வளவு கலக்கணும்?"

"பத்துக்கு எண்பது."

நாற்பது பேருக்கு உப்புப் போடுகிறவர் தலையை ஆட்டி மனதில் குறித்துக்கொண்டார். லேத்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப இத்தன நாளும் மறக்காம கலந்தது யாரு? அப்பாவா?"

டாக்டர் தூரத்தில் ஒரு கிரேனை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு பங்குக்கே போகல மாப்பிள்ளை" என்றார் லேத்காரர். "அவரு ஓட்டுற பக்குவத்துல வண்டி குடிக்கவே இல்ல."

அந்த வண்டி எப்படிக் குடிக்குமென்று மாப்பிள்ளைக்குத் தெரியாதா? அப்பாவின் சட்டையில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். மாமனார் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். சிரிப்பை மென்று விழுங்கினார்.

"அப்ப திரும்பிப் போறப்பவும் அப்பாவே ஓட்டட்டும்" என்று பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். லேத்காரர் பக்கத்தில் ஏறி, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். வழியில் எப்படியும் ஒரு பங்கில் நிறுத்த வேண்டிவரும்.