கிரேனுக்கு வலிக்காது

என் கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் அவர் கிரேன். வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில், டெலிவரி வண்டியோடு போய் இறக்கி ஏற்றும் வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடிக்கு ஃபிரிட்ஜ் போக வேண்டும் என்றால் மற்றவர்கள் வாங்கியவரைத் திட்டுவார்கள். இவர் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் போவார். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு இருக்கும் பெருமை என்னைக் கட்டிக்கொண்டதில்கூடக் கிடையாது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், கிரேனுக்கும் சறுக்கியது. படிக்கட்டுத் திருப்பத்தில், கட்டித் தூக்கிய பெல்ட் நழுவி, வாஷிங் மெஷின் கீழே நின்றவன்மேல் சரிந்தது. இவர் ஒற்றைக் கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். கீழே நின்றவன் பிழைத்தான். இவருக்கு வலது தோளில் தசை கிழிந்து, விரல்களுக்குப் போகும் நரம்பும் கெட்டுவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியது. சம்பளத்தில் ஒரு பங்கும் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும் நாளில் மட்டும் இவர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

"வேல செய்யாம வாங்கற காசு பிச்சைக்குச் சமம்," என்பார்.

"அப்போ மெஷினை விட்டிருக்க வேண்டியதுதானே. கையாவது முழுசா இருந்திருக்கும்," என்பேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு டாக்டரிடம் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் நாத்தனார் வந்தாள். வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவள். எனக்கு ஒரு வாய் என்றால் அவளுக்கு இரண்டு.

"இது யாரோ பாவம் பாத்துக் குடுக்கறது இல்லண்ணே," என்றாள். "வேலையில அடிபட்டா குடுத்துதான் ஆகணும். யார் மேல தப்புன்னு கேள்வியே கிடையாது. வைத்தியச் செலவும் சம்பளத்துல ஒரு பங்கும் வருதுல்ல, அதோட முடியல. கை பழையபடி ஆகாதுன்னு நாளைக்கு டாக்டர் சொன்னா, எவ்வளவு போச்சோ அதுக்கு ஏத்த மாதிரி ஒரு தொகை குடுப்பாங்க. தூக்கற வேல இனிமே கூடாது, வேற வேல குடுங்கன்னு கடைக்கும் சொல்லுவாங்க."

"நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"எல்லாம் நின்னுடும் அண்ணி. அடுத்த வாரமே அண்ணன் ஃபிரிட்ஜ் தூக்கணும். அந்தத் தோள் இன்னொரு தடவ கிழிஞ்சா தைக்க ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஆபரேஷன் பண்ணவரே சொல்லியிருக்காரு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ நடிக்கல்லாம் வேணாம். உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்."

"சரி சரி," என்றார். அவருடைய 'சரி'யின் லட்சணம் எனக்குத் தெரியும். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுநாள் டாக்டர் என்னை உள்ளே விட்டதே பெரிது. என் மகள் வயசுதான் அந்த அம்மாவுக்கு. "நீங்க உக்காரலாம், ஆனா பதில் அவர்தான் சொல்லணும்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கதவோரம் ஒரு நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவே எனக்குத் தண்டனை.

சட்டையைக் கழற்றச் சொன்னார். இவர் இடது கையால் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

பிடியின் பலத்தைப் பார்க்கும் கருவி ஒன்றை டாக்டர் வலது கையில் கொடுத்து, இறுக்கச் சொன்னார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"கையை மேல தூக்குங்க. முடியற அளவு போதும்."

தூக்கினார். அடிபட்டதிலிருந்து அந்தக் கை அந்த உயரத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. அடுத்து டாக்டர் ஒரு சின்ன எடைக்கல்லைக் கொடுத்தார். அதையும் தூக்கிவிட்டு, "இதவிடப் பெருசு இல்லையா?" என்று கேட்டார் மகானுபாவர். ஏசி அறையில் நெற்றியெல்லாம் வியர்வை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். எழுந்துபோய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமா என்று வந்தது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வீராப்பு இல்லை, பயம் இருந்தது.

லோடிங்குக்கு ஆள் எடுக்கும் இடத்தில் யாரும் படிப்பைக் கேட்பதில்லை. கையைப் பார்ப்பார்கள். ஒரு மூட்டையைக் காட்டித் தூக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் தூக்கினால் வேலை உண்டு, சுளித்தால் அடுத்த ஆள். அவர் கையை இதுவரை யாராவது உற்றுப் பார்த்திருந்தால் அதற்காகத்தான் பார்த்திருப்பார்கள். டாக்டர் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வேலை கேட்டு நின்றுகொண்டிருந்தார். என் கோபமெல்லாம் போய்விட்டது.

"பரவால்லையே, நல்ல முன்னேற்றம். சட்டையைப் போட்டுக்கங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார்.

இவர் எப்படியோ சட்டைக்குள் கைகளை நுழைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றார். வீட்டில் தினமும் காலையில் அப்படித்தான் நிற்பார். நான் பொத்தான் போட்டுவிடுவேன். பழக்கதோஷத்தில் என் கை மடியிலிருந்து எழும்பிவிட்டது.

எழுந்த கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன?" என்பதுபோல் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் தானே போடப் பார்த்தார். மரத்துப்போன விரல்களுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பிடிப்பார், நழுவும். இடது கையால் முயன்றார், துணி விலகி விலகிப் போயிற்று. நாலாவது மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏற்றிய மனிதர் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டுவதை, உதவாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் செய்த பெரிய கொடுமை அதுதான்.

தட்டும் சத்தம் நின்றது. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். அவசரப்படவில்லை.

"தினமும் யார் போட்டு விடறாங்க?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "இவதான்."

"உக்காருங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து பாப்போம்."

டாக்டர் எழுந்து வந்து தோளில் ஓர் இடத்தை மெதுவாக அழுத்தினார். "வலிக்குதா?"

இவர் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார்.

"வலிக்குது டாக்டர்."

"எப்போ ஜாஸ்தியா இருக்கு?"

"ராத்திரிலதான். கொஞ்சம் பொரண்டாலும் உயிர் போயிடும். கத்திட்டா இவ முழிச்சுக்குவான்னு, விடியற வரைக்கும் அசையாம படுத்திருப்பேன்."

அடிபட்ட பிறகு மனிதர் புரளாமல் கொள்ளாமல் என்ன அழகாகத் தூங்குகிறார் என்று, நாத்தனாரிடமும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் நான்.