டப்பாக்களை அடுக்கிய காலை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதபோது. தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களே குளிக்க, சமைக்க, நடமாடப் பழக்குவது அவள் வேலை. செய்து கொடுப்பதல்ல, செய்ய விடுவது. அதுதான் கஷ்டம் என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பார்வையிழந்த கிழவரின் இருண்ட வீட்டில்…” அடித்துவிட்டேன். வீடு நிறைய வெயில். [கிழவர் என்பதும் வேண்டாம். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். மெக்கானிக் என்போம்.]

2

மெக்கானிக்குக் கண் போய் இரண்டு வருடம். அவர் தனியாக இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். இல்லத்தில் சேர்க்கக் கேட்டு மனு கொடுத்தது மகள். பரீட்சை, யார் துணையும் இல்லாமல் டீ போடுவது. அவரைப் பழக்க வந்த பணிப்பெண், படிக்கட்டில் அழுதவள், வாயைத் திறந்தால் தோல்வி.

அவள் செய்த தப்பு இது. மெக்கானிக் குளிக்கப் போன நேரத்தில், அதிகாரி கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியக்கூடாதே என்று சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிவிட்டாள். “எதையும் இடம் மாத்தாதீங்க” என்று நான்கு மாதமாக ஊருக்கே பாடம் எடுத்தவள்!

3

தண்ணீர் கொதித்தது. மெக்கானிக் இடது கையை நீட்டினார். டீத்தூள் இருந்த இடம் காலி.

[இங்கே ஒரு டப்பாவை உடைக்கப் பார்த்தேன். “கண்ணாடிச் சில்லுகள் தரையெங்கும்…” போதும், உடையவில்லை.]

பணிப்பெண் ‘சார்’ என்று சொல்ல வாயெடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள் பதறி எழுந்தாள். அதிகாரி கையமர்த்தினார்.

மெக்கானிக் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு புறங்கையால் அலமாரி ஓரத்தைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கி, எடை பார்த்து, காதருகே குலுக்கினார்.

“இது உப்பு. இது பருப்பு. பிரேயருக்கு நிக்கிற பசங்க மாதிரி குட்டையில இருந்து நெட்டை வரைக்கும் நிக்குதே!”

“யார் மாத்தினது?” என்றார் அதிகாரி.

“என்னைப் பார்க்க வர்றவங்க எல்லாருமே எதையாவது ஒழுங்குபடுத்திட்டுத்தான் போறாங்க. தேடிக் கண்டுபிடிக்கறது என் வேலை சார். டீத்தூள் இதோ.”

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு மனிதர் டீ போடுவதை அப்படி வாய் பிளந்து நான் பார்த்ததே இல்லை.

4

‘எனக்கு’ என்று எழுதிவிட்டேன். அடிக்கலாம். வேண்டாம். அந்த மகள் நான்தான்.

முடிவு ஒன்று: எல்லோரும் கைதட்டுகிறார்கள். முடிவு இரண்டு: ஆறு மாதம் கழித்துக் குளியலறையில்… எழுதக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். “சார் பாஸ்” என்ற அதிகாரி, ஒரு தாளை என்னிடம் நீட்டினார். “மனுவை வாபஸ் வாங்கிக்கறதுன்னா மேலே கையெழுத்து போடுங்க. மறுபடி பரிசீலிக்கணும்னா கீழே.”

அப்பா என் முன்னால் டம்ளரை வைத்தார்.

“சூடா இருக்கும்மா. பார்த்து.”

இரண்டு வருடமாக அவரிடம் நான் சொன்னதெல்லாம் இந்தப் ‘பார்த்து’தான்.

வாசகரே, பேனா என் கையில். அவர் விழுந்தால் ஓடிவரப் போவது நான், நீங்கள் இல்லை. அது தெரிந்தேதான் கேட்கிறேன்: உங்கள் அப்பாவாக இருந்தால், மேலேயா, கீழேயா?