உத்தேச வயது

மசூர் வயது சொல்வதில் கைதேர்ந்தவன். மனிதரின் வயதல்ல, விண்மீன் கூட்டங்களின் வயது. பிறந்து ஒரு கோடி வருடம்கூட ஆகாத கூட்டங்களை அகச்சிவப்பு ஒளியில் அளந்து, நிறத்தைக் கொண்டு வயது கணிப்பதுதான் சீமையில் அவனுடைய ஆராய்ச்சி. அதில் ஒரு கண்ணி உண்டு. இளம் கூட்டங்களைத் தூசி மூடியிருக்கும். தூசி ஒளியைச் சிவப்பாக்கும். அந்தச் சிவப்பைக் கழிக்க மறந்தால் நேற்றுப் பிறந்ததும் கிழடாகத் தெரியும். மசூர் ஒருநாளும் மறந்ததில்லை.

தங்கச்சி ஸகியாவுக்குத்தான் வயதைக் கூட்டி எழுதினான். எழுபத்தெட்டுச் சூறாவளி கல்முனையில் அவர்கள் வீட்டுக் கூரையோடு அவளுடைய பிறப்புப் பத்திரத்தையும் கொண்டுபோயிருந்தது. எண்பத்துநாலில், அவன் சீமைக்குப் புறப்படுமுன், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவேனென்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"இருபத்தொண்டு ஆகல்லெண்டா எடுக்க மாட்டாங்களாம். நீங்க எழுதினா ஆரு கேக்கப்போறா, காக்கா?" என்று அண்ணனைக் கெஞ்சினாள்.

பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அரசாங்கக் கந்தோரில் கொடுக்கும் உத்தேச வயதுப் பத்திரத்துக்கான படிவத்தில், பதினேழு வயதுக்காரிக்கு இருபத்துமூன்று என்று எழுதினான். மறுக்க வாய் வரவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வராத வாயா அது? வீட்டுக்கு ஓடு போடும் ஆசை அவனுக்கும் இருந்தது. உம்மாவிடம் இருவரும் மூச்சுவிடவில்லை.

இரண்டு வருடத்தில் குவைத்திலிருந்து சவப்பெட்டி வந்தது, திறக்கக் கூடாதென்ற உத்தரவோடு. தந்தி கண்டு ஓடிவந்த மசூர் முற்றத்தில் நின்றான். பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் அப்துல் ஸமட், அடக்கப் புத்தகத்தில் பதிவதற்காகப் பெட்டியோடு வந்த கடதாசியை உரக்க வாசித்தார்.

"ஸகியா. வயசு இருபத்தஞ்சு."

உள்ளே அழுகை நின்றது. சல்மா உம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இருபத்தஞ்சா? என்ட புள்ளைக்குப் பத்தொம்பதுதானே! சூறாவளிக்கு அவளுக்குப் பதினொண்டு. பெட்டி மாறிப் பெய்த்து, மரைக்கார்! இது ஆரோ பெத்த புள்ள. ஸகியா அங்க உசிரோட இரிக்கா!"

மரைக்கார் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெய்தானே, வயசு ஒத்து வரல்லியே. கொழும்புக்குத் திருப்பி அனுப்பிக் கேப்பம்" என்றார்.

உம்மா சிரிக்கவே தொடங்கிவிட்டாள். அந்தச் சிரிப்பை மசூரால் பார்க்க முடியவில்லை. அதை விட்டுவைத்தால் ஸகியா யாருமற்ற பெட்டியாகத் திரும்பிப் போவாள். அவளுக்கென்று தொழ ஒருவர் இருக்க மாட்டார்.

"மனே, நீ வயசு பாக்கப் படிச்சவன். சொல்லு, இது நம்மட புள்ள இல்லத்தானே?"

மசூர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நம்மட ஸகியாதான், உம்மா. பத்தொம்பதுதான். அந்த ஆறு வருசத்தக் கூட்டி எழுதினது நான்."

சல்மா உம்மா கையை உருவிக்கொண்டு பெட்டியின்மேல் விழுந்தாள்.