மெழுகு பூசிய பலகை

அறுபத்தொன்றாம் ஆண்டு தை மாதம் நுவரெலியாப் பக்கம் உறைபனி கொட்டியது. தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிப்போனதால் மலையில் வேலை இல்லை. சும்மா கிடந்த சனம் தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த புல்லுச் சரிவில் தேயிலைப் பெட்டிப் பலகைகளைப் போட்டு, அதில் உட்கார்ந்து சறுக்கத் தொடங்கியது.

எல்லாரையும்விட அதிக தூரம் போனவள் அந்தோனியம்மா. பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுடைய பலகை அடிவாரத்து மழைத்தண்ணீர்க் கான் வரைக்கும் சர்ரென்று போய்த்தான் நிற்கும். நாகலெட்சுமியின் பலகை பாதியிலேயே முரண்டு பிடித்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் புருஷன் கந்தப்பன் அந்தோனியம்மாவுக்குக் கைதட்டினானே, அதுதான் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது.

"பாத்தியா லெச்சுமி, காத்து மாதிரியில்ல போவுது!"

கொழுந்து பறிப்பதில் நாகலெட்சுமியை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. அதற்கு ஒருநாளாவது அவன் கை தட்டியிருப்பானா?

மறுநாள் விடிந்ததும் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்துப் பலகையின் அடியில் அப்பிக்கொண்டு போனாள். குளிரில் எண்ணெய் உறைந்து கட்டியாகிவிட்டது. பனித்துகள் அதில் ஒட்டிக்கொள்ள, பலகை நாலடி போய் நின்றது. பலகைதான் நின்றது, அவள் நிற்கவில்லை. குப்புற விழுந்தாள். சனம் சிரித்தது. கந்தப்பனும் சிரித்தான்.

ஓடிவந்து தூக்கிவிட்டவள் அந்தோனியம்மாதான்.

"எண்ணெ பூசுனா ஒட்டிக்கும்க்கா. இந்தாங்க, மாதா கோயில்ல எரிஞ்சு மிஞ்சின மெழுகுவத்தி. இதத் தேச்சுப் பாருங்க."

"எனக்கு ஒன்னும் வேணாம்."

"கோவிக்காதீங்க. நம்மள வழுக்க விடுறது பனியில்ல, பலகைக்கு அடியில அது உருகி வர்ற தண்ணி. வெறும் பலக அந்தத் தண்ணியக் குடிச்சுப்புடும். மெழுகு குடிக்காது."

வாங்கக் கூடாதென்று நினைத்தாலும் நாகலெட்சுமியின் கை நீண்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, பலகை பளபளக்கும்வரை தேய்த்தாள். உட்கார்ந்து காலை உந்தியதுதான் தெரியும். காதில் காற்று கூவியது. கானைத் தாண்டி, அந்தோனியம்மா ஒருநாளும் தொடாத கித்துள் மரத்தடியில் போய் நின்றாள்.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். கந்தப்பன் கைதட்டிக்கொண்டே இறங்கி வந்தான்.

"அந்தோனியம்மா மெழுகுன்னா மெழுகுதான்!" என்றான்.

நாகலெட்சுமி வெடுக்கென்று எழுந்தாள். பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"நீங்களும் ஒருக்கா ஒக்காந்து பாருங்க" என்றாள் இனிமையாக.

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் முதுகில் ஓங்கி ஒரு தள்ளு. "ஐயோ, லெச்சுமி!" என்ற அலறலோடு போனவன், கானுக்குள் தலைகுப்புற விழுந்து சேறும் சகதியுமாக எழுந்தான்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே நாகலெட்சுமியின் கண் பக்கத்தில் நின்றவள்மேல் போனது. சிரிக்கும்போது அந்தோனியம்மாவின் கன்னத்தில் எவ்வளவு அழகாகக் குழி விழுகிறது! மறுபடியும் அவளுக்கு வயிறு எரிந்தது.