கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்

என் மாமனாரின் நண்பருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கிழிந்த காமிக்ஸ் புத்தகங்களை மாவு காய்ச்சி ஒட்டுகிறவர், அதனால் பசை. வந்தால் லேசில் கிளம்பமாட்டார், அதனாலும் பசை என்பார் மாமா. அந்த ஞாயிற்றுக்கிழமை பசை வாடகை வேனில், காலி அட்டைப்பெட்டிகளோடு மாமா வீட்டில் வந்து இறங்கினார்.

"நூலகத்துல நமக்குன்னு ஒரு ரூமே குடுத்துட்டாங்கடா. கண்ணாடி அலமாரி, பூச்சி அரிக்காது, ஈரம் ஏறாது. நாளைக்குள்ள புத்தகம் உள்ள போகணும். இல்லேன்னா அந்த ரூம் தபால்தலை சேர்க்கறவங்களுக்குப் போயிடும். அவனுங்க வாசல்லயே நிக்கறானுங்க" என்றார் பசை, செருப்பைக் கழற்றும்போதே.

மாமா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மாமா பேருந்து ஓட்டியவர். எந்த ஊரில் வண்டி நின்றாலும் டீ குடிக்கிற நேரத்தில் பழைய புத்தகக் கடையில் நிற்பார். அப்படிச் சேர்த்த காமிக்ஸ்தான் அந்த வீட்டின் நடு அறை முழுக்க, தரையிலிருந்து உத்தரம் வரை. "எனக்குக் கெடைக்க வேண்டிய ரூம் அது" என்று என் மனைவி இன்றும் பொருமுவாள். அப்பாவின் புத்தகங்களை அவள் தொட மாட்டாள். போன வருடம் மாமாவின் கண்ணில் நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. ஆள் தெரிகிறது, கதவு தெரிகிறது, எழுத்து மட்டும் தெரிவதில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். உள்ளதிலேயே பெரிய உருப்பெருக்கியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாதிப் பக்கத்திலேயே தலை வலிக்கிறது என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான், "குட்டி படிக்கட்டும். படிச்சுட்டு என்ன தோணுச்சுன்னு சொல்லட்டும், எனக்கு அது போதும்" என்று ஒரு புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து என் பையில் வைத்தார். குட்டி என் மகள், ஏழாம் வகுப்பு. இரண்டு பக்கம் புரட்டினாள். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குப்பா. கலரே இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் உண்மையைச் சொன்னாள்.

அந்த உண்மையை அப்படியே கொண்டுபோய் மாமாவிடம் சொல்ல எனக்குத்தான் துப்பில்லை. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே படித்தேன். அடுத்த ஞாயிறு வாய்க்கு வந்ததை அவள் பெயரில் அளந்துவிட்டேன். "குதிரைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பல்லு, வில்லனைவிட அதான் பயமா இருக்குன்னு சொல்றா மாமா." மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பால் போடுகிறவரிலிருந்து மருத்துவர் வரை எல்லோரிடமும் அந்தக் குதிரைப் பல்லைச் சொல்லித் தீர்த்தார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ஒரு புத்தகம், ஒரு பொய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மதிய நேரத்துக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

"சொல்லுடா, பெட்டியில அடுக்கலாமா?" என்றார் பசை, காலிப் பெட்டியை நடு அறைப் பக்கம் தள்ளியபடி.

"வேணாம்டா. எல்லாம் என் பேத்திக்கு."

பசைக்கு முகம் விழுந்துவிட்டது. "இந்தக் காலத்துப் பசங்க யாருடா இதை வெச்சுக்கப் போறாங்க? என் பையன் நான் எப்ப கண்ண மூடுவேன், எப்ப எடைக்குப் போடலாம்னு இருக்கான். போன்ல தட்டுனா ஆயிரம் கதை வருது. நம்ம தலைமுறையோட இது சரி. அதனாலதானே நூலகத்துக்குக் குடுன்னு நாயா அலையறேன்."

"உன் பையன் வேற, என் பேத்தி வேற. மாளிகைத் திருட்டுக் கதை ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கடைசிப் பக்கம் இல்லாத புத்தகமா? நான்தானே அட்டை ஒட்டினேன். நீயும் எத்தனை கடை ஏறி இறங்கின, அந்தப் பக்கம் கெடைக்கவே இல்லையே."

கடைசிப் பக்கம் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் படித்த வாரம் கடையில் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அவசரத்தில் புரட்டிய புத்தகம் அது. துப்பறிபவன் விரலை நீட்டி, "திருடன் இந்த அறையில்தான் நிற்கிறான்!" என்பதோடு அட்டை வந்துவிட்டது. பசையின் ஒட்டு அத்தனை சுத்தம். திருடன் யாரென்று சொன்ன பக்கத்தை நான்தான் தாவிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். முடிவைப் பற்றிக் குட்டி என்ன சொன்னாள் என்று மாமா கேட்டபோது, படத்தில் ஓரமாக நின்ற காவலாளி ஞாபகத்துக்கு வந்தான். "காவலாளிதான் திருடன்னு முடிச்சது சூப்பர்னா மாமா" என்றேன். மாமா வெகுநேரம் அந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

"அவ கண்டுபிடிச்சுட்டாடா" என்றார் மாமா இப்போது. "கடைசிப் பக்கமே இல்லாம, இருக்கறத வெச்சே முடிவு சொல்லிட்டா. காவலாளிதான் திருடன். நீயும் நானும் ஆயுசு பூராவும் மண்டைய ஒடைச்சுக்கிட்டோமே. படிக்கறதுன்னா அதுதான். இந்தப் புத்தகம் அவகிட்டதான் போகணும்."

"காவலாளியா? ஆனா அவன்..." என்று பசை ஆரம்பித்தார்.

"பசை, கொஞ்சம் சும்மா இரு."

அந்த நேரம் பார்த்துக் குட்டி உள்ளே வந்தாள். அன்று பந்துப் போட்டி முடிந்து நேராக என்னோடு வந்திருந்தவள், அதுவரை வாசலில் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"காவலாளிதான் திருடன்னு எப்படிடா தங்கம் கண்டுபிடிச்ச?"

குட்டி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். தகப்பன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கணத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

"சும்மா தோணுச்சு தாத்தா" என்றாள்.

"கேட்டியாடா!" என்று மாமா பசையின் தொடையில் ஓங்கி அடித்தார்.

பசை எழுந்து செருப்பை மாட்டினார். காலிப் பெட்டிகளை வேனில் ஏற்ற நான் கூடப் போனேன். "பரவாயில்ல மாப்பிள்ளை, படிக்கற கைக்குப் போனா சரிதான். நூலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் கடைசிப் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினேன். வேன் போய்விட்டது.

நாங்கள் கிளம்பும்போது மாமா அந்த அறையின் சாவியைக் குட்டியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியது. முதுகுக்குப் பின்னாலிருந்து குட்டி, "அப்பா, அந்தத் திருட்டுக் கதைய இன்னிக்கே வாங்கிக் குடு" என்றாள்.

"எதுக்குடா?"

"படிக்கணும்ல? அடுத்த தடவ தாத்தா ஏதாவது கேட்டா மாட்டிக்குவேன்." பிறகு கேட்டாள், "அந்த ரூம்ல இருக்கறது பூராவும் படிக்கணுமாப்பா?"

அழுகிற குரல் இல்லை. பரீட்சைக்கு எத்தனை பாடம் என்று கேட்கிற குரல். மாமா உயிராய்ச் சேர்த்ததை என் பிள்ளைக்குத் தண்டனையாக்கி வைத்திருந்தேன். வண்டியைத் திருப்பினேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மாளிகைத் திருட்டு.

"என்ன மாப்பிள்ளை, எதையாவது மறந்துட்டீங்களா?"

"காவலாளின்னு சொன்னது நான்தான் மாமா. குட்டி இல்ல. அவ ஒண்ணுமே படிக்கல. இவ்வளவு நாளும் நான்தான் படிச்சேன், நான்தான் சொன்னேன். அவ இன்னிக்குப் பொய் சொன்னது எனக்காக."

குட்டி ஹெல்மெட்டைக் கழற்றாமலே எனக்குப் பின்னால் நின்றாள். மாமா புத்தகத்தின் ஓரங்களை நேராக்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"குதிரைப் பல்லும் நீங்கதானா?"

"ஆமா மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் குதிரைப் பல்லை யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

குட்டி முன்னால் வந்து சாவியை அவர் மடியில் வைத்தாள். "சாரி தாத்தா."

"நீ எதுக்குடா சாரி சொல்ற? போ, போய்ப் பந்து வெளையாடு." அவள் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "போனைக் குடுங்க. பசை தூரம் போயிருக்கமாட்டான். பெட்டியோட திரும்பி வரச் சொல்றேன்."

எண்ணை நானே அழுத்திக் கொடுத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. மாமா போனைக் காதில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"காவலாளி இல்ல மாப்பிள்ளை. அவன் மொதப் பக்கத்துலேர்ந்து ஒரு கை ஒடைஞ்சு கட்டோட நிக்கறான். கயித்தப் புடிச்சு மாடி ஏறினவன்தான் திருடன். ஒத்தக் கையால எப்படி ஏறுவான்? எனக்கு அன்னிக்கே தெரியும். புள்ள சொன்னாளேன்னுதான் ஒத்துக்கிட்டேன்."