மாமியார் வளர்ந்த வீடு

அலமாரிக்காரியின் மாமியார் அறுபத்தெட்டாவது வயதில் வளரத் தொடங்கினார். மாதத்துக்கு ஒரு விரற்கடை, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. அதுவரை அவர் அந்தத் தெருவிலேயே குள்ளமான தையற்காரி. குரல் மட்டும் தெருக்கோடி வரை எட்டும். டாக்டர் அளந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார், கடைசியில் வளர்கிற பிள்ளைகளுக்கு எழுதித் தரும் சத்து மாத்திரையையே எழுதித் தந்து அனுப்பிவிட்டார். வேறென்ன செய்வார் பாவம். மாமியார் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. மாதம் பிறந்தால் கிடைத்த துணியில் ஒரு பட்டை கிழித்து உடையின் அடியில் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டார். பச்சைக்குக் கீழே கோடு போட்டது, அதற்குக் கீழே பூப்போட்டது என்று அவர் நடந்து வரும்போது ஒரு துணிக்கடையே எழுந்து வருகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்புறம் மரத்தில் சிக்கிய பட்டத்தை எடுத்துத்தரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது.

மருமகளும் மாமியாரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மரத்தூள் சோற்றில் விழுகிறது என்று ஒருத்தி, ஊசி காலில் குத்துகிறது என்று இன்னொருத்தி, காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயாது. ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில், எனக்கு மரவேலை தெரியும், செய்ய இடம்தான் இல்லை என்று அந்தப் பெண் முணுமுணுத்தபோது, தன் தையல் மிஷினைத் தானே இழுத்துப் படுக்கையறை மூலையில் போட்டுவிட்டு முன்னறையைக் காலி செய்து கொடுத்தவர் மாமியார்தான். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அலமாரிக்காரி அந்த முன்னறையில் இருந்து ஊருக்கெல்லாம் அலமாரி செய்து கொடுத்தாள். அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு: அவள் அடித்த தட்டு அசையாது. பசை தடவி, ஆணி அடித்து, ஆணித்தலையை உள்ளே தட்டி மறைத்து, பேரப்பிள்ளை காலம்வரை அங்கேயே இருக்கும்படி இறுக்கிவிடுவாள்.

அந்த இறுக்கம்தான் வினையாய் வந்து முடிந்தது. சமையலறைத் தட்டுகள் எல்லாம் குள்ளமான ஒரு மாமியாருக்காக அடித்தவை. இப்போது தேயிலை டப்பா அவருடைய இடுப்புக்கும் கீழே இருந்தது. நாளெல்லாம் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது, கை நழுவிப் பாத்திரங்கள் உடைந்தன. செய்தி கேட்டு மூத்த மகன் வந்தார். அவருக்குப் பழைய கிடங்கை மாற்றிக் கட்டிய வீடு. தலைக்கு மேல் புறா பறக்கும் அளவுக்கு உயரம், சமைக்க ஆள், துவைக்க ஆள். நல்ல மனிதர்தான். "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். மாசக் கடைசில வண்டியோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.  சாயங்காலம் மாமியார், தெருக்கோடிக்குக் கேட்காத குரலில், மருமகளிடம் மட்டும் சொன்னார். "அங்க எனக்கு ஒரு வேலையும் இருக்காதுடி. சும்மா உசரமா உக்காந்திருக்கணும்."

 இந்த அம்மாள் போய்விட்டால் தான் யாரோடு சண்டை போடுவது என்று அலமாரிக்காரி முதலில் நினைத்தாள், அப்புறம் அந்த வீட்டில் தனக்கு இடம் கொடுத்தது யார் என்று நினைத்தாள். மறுநாள் கடைக்குப் போய், இத்தனை வருஷமாகத் தான் கேலி செய்துவந்த சாமானை வாங்கி வந்தாள். வரிசையாக ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதைப் பலகையில் வைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் டிரில்லை இறக்கினால் பலகையில் அதே இடைவெளியில் துளைகள் விழும். துளையில் சின்னப் பின்னைச் செருகி மேலே தட்டை வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது ஏற்றலாம், இறக்கலாம். கடைக்காரர் அதை ஜிக் என்றார். "உங்களுக்கு எதுக்குக்கா இது?" என்று வேறு கேட்டார். அவள் காசை எண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

கைபழகிய தொழிலில் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பது லேசில்லை. ஆழம் நிறுத்துகிற வளையத்தைச் சரியாக முடுக்காமல் முதல் பலகையை மறுபுறம்வரை துளைத்தாள். இரண்டாவதில் பட்டையை இறுக்கிப் பிடிக்காததால் அது பாதியில் நகர்ந்து துளைகள் கோணிக்கொண்டு போயின. மூன்றாவதையும் நாலாவதையும் ஒழுங்காக முடித்து, இரண்டு பக்கப் பலகைகளையும் நிறுத்தி, பின்களைச் செருகித் தட்டை வைத்தாள். டம்ளர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கம் நகர்ந்து கீழே விழுந்தன. நாலு பக்கமும் அளந்தாள். துளைக்குத் துளை இடைவெளி சரி, ஆழம் சரி. ஆனால் இடதும் வலதும் அரை இடைவெளி அளவுக்கு ஒத்துப்போகவில்லை. பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவன் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, "விட்டுரு, அண்ணன்தான் கூட்டிட்டுப் போறேங்கிறாரே" என்றான். அவள் பார்த்த பார்வையில் மீதியை அவனாகவே விழுங்கிக்கொண்டான்.

தவறு எங்கே என்று அவளுக்கு, மாமியாரின் உயரத்தை மாதாமாதம் குறித்துவந்த கதவு நிலையைப் பார்த்தபோது புரிந்தது. மாமியார் வளரத் தொடங்கியதில் இருந்து அந்த வீட்டில் எல்லோரும் உயரத்தை மேலிருந்துதான் அளந்தார்கள். கூரைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம், தலை முட்ட இன்னும் எத்தனை மாதம். பயந்தவர்கள் அப்படித்தான் அளப்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே வலப்பலகையில் பட்டையைத் தலைமாட்டில் இருந்து வைத்துத் துளைத்திருக்கிறாள். இடப்பலகையில் தொழில்புத்தி வேலை செய்து கால்மாட்டில் இருந்து வைத்திருக்கிறாள். அவள் புதுப் பலகைகளை எடுத்தாள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 'கால்' என்று எழுதினாள், இரண்டையும் தரையில் இருந்தே எண்ணித் துளைத்தாள். பட்டை முடிந்த இடத்தில், கடைசித் துளையில் ஒரு பின்னைச் செருகிப் பட்டையை மேலே நகர்த்தி அதன் முதல் ஓட்டையை அதில் மாட்டினால் வரிசை அதே கணக்கில் தொடர்ந்தது. இப்படியே போனால் பலகைதான் முடியும், துளை முடியாது என்று கண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படியொரு சாமானைப் போய்க் கேலி செய்தோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மாசக் கடைசியில் மூத்தவர் வந்தபோது அடுப்பு மேடைகூடப் பின்களின் மேல்தான் நின்றது. அவருடைய அம்மா நிமிர்ந்து நின்று தேநீர் போட்டார். மூத்தவர் தட்டுகளை ஆட்டிப் பார்த்தார். ஒரு டம்ளர் அசையவில்லை. பெருமை தாங்காமல் மாமியார் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். தலை கூரைத் தகரத்தில் இடித்தது.

 "தட்டெல்லாம் பிரமாதம்மா, நான் குறை சொல்லல" என்றார் மூத்தவர் அலமாரிக்காரியிடம், மெதுவாக. "கூரைக்கு என்ன பண்ணுவ?"

"அத்தை எங்கயும் வரமாட்டாங்க மாமா" என்றாள் அலமாரிக்காரி. "அவங்க இல்லாம எனக்கு இந்த வீடு ஆகாது." சொன்ன பிறகுதான் அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருப்பது அவளுக்கே தெரிந்தது. மாமியார் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

வண்டி வாசலிலேயே நின்றது. அலமாரிக்காரி நாலு கனத்த மரக்கட்டைகளைத் தேர்ந்தெடுத்து, நாலின் அடியிலும் 'கால்' என்று எழுதி, தரையில் இருந்து எண்ணித் துளைத்து மூலைக்கு ஒன்றாக நிறுத்தினாள். பின்னுக்குப் பதில் இரும்புக் கம்பி. சுவரோடு கூரையைப் பிணைத்திருந்த ஆணிகளை, அவளே தன் கையால் அடித்த ஆணிகளை, ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிறகு மாமியார் நடுவில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்து, குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற மாதிரி லேசாகக் கூரையைத் தூக்கினார். கணவன் ஒரு மூலை, மூத்தவர் ஒரு மூலை, மற்ற இரண்டுக்கும் அவள் ஓடினாள். கம்பிகள் ஒரு துளை மேலே ஏறின. கூரை இறங்கி உட்கார்ந்தது, இம்மியும் சாயவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே புதிதாக ஒரு கோடு வெளிச்சம் வீட்டைச் சுற்றி வந்தது. "மழை வர்றதுக்குள்ள அதை அடைங்க" என்று மாமியார் தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

மூத்தவர் காலி வண்டியோடு திரும்பிப் போனார். அதன்பின் மாதாமாதம் மூலை பிடிக்க வந்தார். அந்தத் தெருவில் பிறகு வீடு கட்டியவர்கள் யாரும் கூரையை ஆணி அடித்து இறுக்குவதில்லை. நாலு மூலையிலும் துளை போட்ட கட்டை நிறுத்தி, கம்பியில்தான் உட்கார வைக்கிறார்கள். எந்த வீட்டில் யார் எந்த வயதில் வளர ஆரம்பிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதல்லவா.