சோதனை வாசல்

விடியுமுன்பே அந்த அமெரிக்க விமான நிலையத்தில் வரிசை வெளிக்கதவுவரை நீண்டிருந்தது. வளைகுடாவின்மேல் பனிமூட்டம் கலையவில்லை. தாஜ் நிஷா ஊடுகதிர் இயந்திரத்திலிருந்து வந்த பெட்டிகளைத் தூக்கி மேசையில் வைத்துத் திறந்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கல்லாய்க் கனத்தது. ரப்பர் கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வெளுத்துப் போயிருந்தன. குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் அவளுடைய முக்காட்டையும் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் பார்த்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேறு யாராவது திறக்கட்டும்.”

அவள் ஒதுங்கினாள். கூட வேலை செய்யும் மரிலூ வந்து திறந்தாள். செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த பிறகு இது வழக்கமாகிவிட்டது.

மரிலூவைப்போல அங்கே பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்து தின்பார்கள். தாஜ் நிஷா லாக்கர்களுக்குப் பின்னால் தனியாக டப்பாவைத் திறப்பாள். காயல்பட்டினத்திலிருந்து அவளை அழைத்துவந்த கணவர் இறந்துவிட்டார். மகள் தஸ்னீம் ஹூஸ்டனில். வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜின் உறுமல்தான் துணை.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. சோதனை வேலை இனி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். அவளிடமும் மரிலூவிடமும் இருந்த கிரீன் கார்டு போதாது.

ஒப்பந்தக் கம்பெனி மேலாளர் ஜம்புநாதன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். சென்னைக்காரர், எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டவர்.

“ஓப்பனா சொல்லிடறேன். நீங்களே ரிசைன் பண்ணிடுங்க. ஃபுட் கோர்ட்ல கிளீனிங் வேலை அரேஞ்ச் பண்றேன்.”

“சட்டம் எல்லாரையும்தான சார் அனுப்புது? எனக்கு மட்டும் எதுக்கு அரேஞ்ச் பண்றீங்க?”

“அந்த பிலிப்பினோஸ் கோர்ட்டு, புரொட்டெஸ்ட்னு கிளம்பியிருக்காங்க. நீங்க அதுல சேராதீங்க. இந்த டைம்ல, உங்க பேரோட…”

“என் பேருக்கு என்ன சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்மூர்க்காரங்கன்னு சொல்றேன். இங்க ரூல்னா ரூல். எல்லாருக்கும் ஃபேர்.”

“போன வருஷம் என் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு நீங்கதான பாராட்டுனீங்க? இப்ப அந்தக் கண்ணு கெட்டுப்போச்சா சார்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

வெளியே வந்தாள். சோதனை வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்ற இளம் ராணுவ வீரன், “உடம்பு சரியில்லையா, மேம்?” என்று கேட்டான். இத்தனை வாரங்கள் ஒரே இடத்தில் நின்றும் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவள் சட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “நானும் குடிமகன் இல்லை. மெக்சிகோவில் பிறந்தவன். என்னிடமும் கிரீன் கார்டுதான்.”

அவன் தோளில் தொங்கியதைப் பார்த்தாள். துப்பாக்கி ஏந்த அவனுக்குத் தடையில்லை. பெட்டியைத் திறக்க அவளுக்குத் தடை. இதில் எது நியாயம்?

மாலையில் மகளுக்கு போன் செய்து, பிலிப்பைன்ஸ்காரர்களின் போராட்டத்தில் சேரப்போவதைச் சொன்னாள்.

“உம்மா, ப்ளீஸ், ஸ்டே அவுட் ஆஃப் இட். ஐ ஆம் ஸ்கேர்ட்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு, மவளே. ஆனா தனியா இருந்து பயந்து பயந்து அலுத்துப்போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர்களுடைய கூட்டம். தாஜ் நிஷா கதவருகே நின்றதும் பேச்சு ஓய்ந்தது. திரும்பிவிடலாமா என்று தோன்றியது. மரிலூ பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“எங்களோடு சாப்பிட உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தோம்.”

“நீங்கள் கூப்பிடவில்லை என்று நான் நினைத்தேன்.”

மரிலூ அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு தாஜ் நிஷா எழுந்து, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், அந்த வீரனின் பெயரைச் சொல்லாமல், அவன் சொன்னதைச் சொன்னாள். கூட்டம் கொதித்தது. வழக்குப் போடுவதென்றும், வேலை நேரம் முடிந்ததும் விமான நிலையத்தின் முன் ஊர்வலம் போவதென்றும் முடிவாயிற்று.

ஊர்வலத்தன்று மழை தூறியது. காரில் போன ஒருவன் கண்ணாடியை இறக்கி, “உங்கள் நாட்டுக்குப் போங்கள்” என்று கத்தினான். பின்னால் வந்த டாக்சிக்காரர் ஆதரவாக ஹாரன் அடித்தார். கோடைக்குள் வேலை போய்விடும். நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது யாருக்கும் தெரியாது.

பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் மொழியில் முழங்கினார்கள். அர்த்தம் கேட்டாள். “போராடு, பயப்படாதே” என்றாள் மரிலூ. “உங்கள் மொழியில் எப்படி?”

தாஜ் நிஷா சொன்னாள். மரிலூ சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். “போராது, பயப்பதாதே!” நனைந்த ஊர்வலம் முழுவதும் பிழையான தமிழில் முழங்கியது. தாஜ் நிஷா திருத்தவில்லை. அவர்களோடு சேர்ந்து அப்படியே கத்திக்கொண்டு நடந்தாள்.